மனிதர்களும் அன்றாட இடங்களும்: ஒளிப்படங்களை ரசிக்க, பகிர ஒரு முழுமையான வழிகாட்டி

சூரியன் மறையும் படத்தைப் போட்டால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பேருந்துக்காக நிற்கும் ஒருவர், ஆளில்லாத முடிதிருத்தகத்தில் ஒரு நாற்காலி, மாடிப்படியில் கழற்றிவிட்ட செருப்புகள் என்று போட்டால் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த வகைப் படங்களில் அழகு தானாக முன்வந்து நிற்காது. பார்ப்பவரும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், பகிர்பவரும் மெனக்கெட வேண்டும்.

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. எடுத்து முடித்த பிறகு நடப்பதுதான் இங்கே விஷயம்: மற்றவர் படத்தை எப்படிப் பார்ப்பது, நம்முடையதில் எதை வெளியே அனுப்புவது, படத்தில் இருக்கும் ஆளுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம், கருத்து எப்படிச் சொல்வது. போனில் எடுத்த படமானாலும் எல்லாம் பொருந்தும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பார்க்கப் பழகாமல் பகிரத் தொடங்குகிறவருக்கு லைக் எண்ணிக்கைதான் கடைசியில் ஒரே அளவுகோலாக மிஞ்சுகிறது.

படி 1: ஒரே படத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

திரையைத் தள்ளிக்கொண்டே போகும் கட்டைவிரலை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் பெரிய திரையில் திறங்கள், ஒரு நிமிடம் வேறு எதற்கும் போகாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று சுற்று பாருங்கள்.

முதல் சுற்றில், இருப்பதை மட்டும் சொல்லுங்கள். படத்தைப் பார்க்க முடியாத நண்பருக்குப் போனில் விவரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "அழகான", "சோகமான" போன்ற அடைமொழிகள் இப்போது வேண்டாம்.

இரண்டாவது சுற்றில், படம் எப்படி உருவாகியிருக்கிறது என்று பாருங்கள். எடுத்தவர் எங்கே நின்றிருக்கிறார்? நின்றபடி கண்மட்டத்திலிருந்தா, குனிந்தா, மேலே ஏறியா? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? படத்தின் ஓரங்கள் எதை வெட்டுகின்றன? ஓரங்களைப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். நடுவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். எடுத்தவரின் முடிவுகள் ஓரங்களில்தான் தெரியும்.

மூன்றாவது சுற்றில்தான் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ரயில் நிலைய இருக்கை. ஒரு முனையில் வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு முனையில் ஒரு பை. பின்சுவரில் சிரிக்கும் குடும்பத்தோடு ஒரு பெரிய விளம்பரம். பத்தில் எட்டுப் பேர் உடனே "தனிமை" என்று எழுதிவிடுவார்கள். முதல் சுற்றை ஒழுங்காகச் செய்தவர் கண்ணில் வேறொன்று படும்: அந்தப் பை பொம்மை ஒட்டிய பள்ளிப் பை. அவர் காலடியில் ஒரு சிறிய தண்ணீர் பாட்டில். அவர் பார்ப்பது வெறும் தரையை அல்ல, ஃப்ரேமுக்கு வெளியே இடப்பக்கம் எதையோ. ஆக, அங்கே ஒரு குழந்தை இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. படத்தில் இல்லாத தனிமையை நாம்தான் கொண்டுவந்து வைத்தோம். அந்த விளம்பரக் குடும்பமும் இப்போது வேறு மாதிரி தெரியும்.

இந்த மூன்று சுற்றுக்குப் பிறகு நல்ல படம், சுமாரான படம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

படி 2: தனிப்படம் போதாது, ஒருவரின் தொகுப்பைப் பாருங்கள்

அன்றாட இடங்களை எடுப்பவர்களின் ஒற்றைப் படம் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். இருபது, முப்பது படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் எதைத் துரத்துகிறார் என்று பிடிபடும். அதனால் படநூல்களைத் தேடுங்கள். நூலகத்தில் கிடைத்தால் நல்லது. அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளும் இலவசமாகத் திறந்திருக்கின்றன.

எங்கே தொடங்குவது என்பவர்களுக்குச் சில பெயர்கள். 1976-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒளிப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. அன்று கலை என்றால் கறுப்பு வெள்ளை, வண்ணம் என்றால் விளம்பரம் என்றிருந்த காலம். மூன்று சக்கரச் சைக்கிளும் சாதாரண வீட்டு அறைகளும் அருங்காட்சியகச் சுவரில் ஏறியதை விமர்சகர்கள் பலர் பொறுத்துக்கொள்ளவில்லை. இன்று நாம் கூச்சமின்றி ஒரு சமையலறை மூலையை வண்ணத்தில் எடுத்துப் பகிர்வதில் அந்தக் கண்காட்சிக்கும் பங்கு உண்டு. அதே காலத்தில் ஸ்டீஃபன் ஷோர், 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தித் தெருச் சந்திப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஃபிலிம் தகடும் செலவு, அதனால் ஒவ்வொரு முறையும் நிதானம். அந்த நிதானம் படத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும்.

இந்தியப் பக்கம் வந்தால், ரகுபீர் சிங்கின் வண்ணப் படங்கள். ஒரே ஃப்ரேமுக்குள் நாலைந்து கதைகள் ஒன்றோடொன்று மோதாமல் நடந்துகொண்டிருக்கும். தயானிதா சிங்கின் போக்கு வேறு. வீடுகளில் மனிதர்கள், கோப்புகள் குவிந்த ஆவண அறைகள் என்று எடுத்தவர், படங்களை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய மரச்சட்டக அமைப்புகளைச் செய்து அவற்றை 'அருங்காட்சியகங்கள்' என்று அழைத்தார். 2022-இல் அவருக்கு ஒளிப்படத் துறையின் பெரிய சர்வதேச விருதுகளில் ஒன்றான ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. மிகச் சின்ன விஷயங்களில் ஈடுபாடு இருந்தால் ஜப்பானின் ரிங்கோ கவாவுச்சியைப் பாருங்கள்.

ஒருவரைப் பிடித்தால் அவரோடு ஒரு மாதம் இருங்கள். எல்லோரையும் ஒரே மாலையில் பார்த்தால் யாருமே மனதில் தங்க மாட்டார்கள்.

படி 3: தேர்வு செய்யுங்கள், அதாவது தள்ளுபடி செய்யுங்கள்

எடுத்த அன்றே பகிராதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள். எடுத்த நாளின் வெயிலும், பேசிய பேச்சும், கிடைத்த திருப்தியும் எல்லாம் நம் தலைக்குள் இருக்கும், படத்தில் இருக்காது. நாம் தலைக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு படம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். அமெரிக்கத் தெரு ஒளிப்படக்காரர் கேரி வினோகிராண்ட் இதற்காகவே எடுத்த ஃபிலிமைக் கழுவாமல் ஓராண்டு, அதற்கும் மேல்கூடப் போட்டுவைப்பார். அவரது வழக்கம் எல்லை மீறியும் போனது: 1984-இல் அவர் இறந்தபோது கழுவப்படாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. நமக்கு இரண்டு வாரம் போதும்.

இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது முதல் சுற்றை வேகமாக முடியுங்கள்: நின்று பார்க்கத் தோன்றுவதற்கு ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். அழிக்க வேண்டாம். அடுத்த சுற்றில் ஒரே மாதிரி இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை மட்டும் எடுங்கள். "இதில் முகம் நன்றாக இருக்கிறது, அதில் கை நன்றாக இருக்கிறது" என்று இரண்டையும் பகிர்வது பார்ப்பவரிடம் நம் வேலையைத் தள்ளிவிடுவது.

எவ்வளவு தள்ளுபடி செய்வது? ஒளிப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1950-களின் நடுவில் அமெரிக்கா முழுவதும் சுற்றிச் சுமார் 27,000 படங்கள் எடுத்தார். அதிலிருந்து 'தி அமெரிக்கன்ஸ்' என்ற நூலில் வைத்தவை 83. நமக்கு அந்த அளவு கெடுபிடி தேவையில்லை, ஆனால் நூறில் இருபதைப் பகிர்பவர் தேர்வே செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆட்கள் இருக்கும் படங்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, படத்தில் இருப்பவர் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே மாட்ட முடியுமா? மாட்டினால் நாம் அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடியுமா? வாய் கோணி, கண் பாதி மூடி, குனியும்போது உடை விலகி நிற்கும் கணங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் விழுந்துவிடும். அப்படி விழுபவற்றில் தொழில்நுட்ப ரீதியாகப் பிரமாதமானவையும் இருக்கும். இருந்தாலும் பகிராமல் ஒதுக்கி வையுங்கள்.

படி 4: படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பொது இடத்தில் எடுத்தால் எதுவும் செய்யலாம் என்ற நம்பிக்கை எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் 1898-இல் பிஸ்மார்க் இறந்த அறைக்குள் இருவர் அத்துமீறிப் புகுந்து சடலத்தைப் படமெடுத்தார்கள். அந்தப் பரபரப்பு, ஒருவரின் உருவத்தை வெளியிட அவரது சம்மதம் வேண்டும் என்ற 1907-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. நிலக்காட்சியில் தற்செயலாக விழும் ஆட்கள் போன்ற விதிவிலக்குகள் அதில் உண்டு. கனடாவின் கியூபெக்கில், கட்டடப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணின் படத்தை ஒரு கலை இதழ் கேட்காமல் வெளியிட்டது தவறு என்று 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரெதிராக நியூயார்க்கில், தெருவில் போனவர்களைத் தெரியாமல் எடுத்துக் கண்காட்சி வைத்த ஃபிலிப்-லோர்கா டிகோர்சியாவுக்கு எதிரான வழக்கு 2006-இல் தள்ளுபடியானது. அது கலை என்றது நீதிமன்றம். ஹங்கேரியின் 2014 சிவில் சட்டமோ படம் எடுப்பதற்கே சம்மதம் கேட்கிறது. நீங்கள் எடுக்கும் இடத்தின் சட்டத்தையும், வெளியிடும் இடத்தின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சட்டம் அனுமதிப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. உலகம் அறிந்த ஒரு படம்: 1936-இல் கலிஃபோர்னியாவில் டோரதியா லேங் எடுத்த, குழந்தைகள் தோளில் முகம் புதைக்க எங்கோ பார்க்கும் தாய். அந்தப் பெண்ணின் பெயரை லேங் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் யார் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. தான் வறுமையின் முகமாகிவிட்டதில் அவருக்கு மனக்குறை இருந்தது, அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றும் சொன்னார். அந்தப் படம் பலருக்கு உதவியிருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? முன்கூட்டியே கேட்டால் போஸ் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தால், எடுத்த பிறகு கேளுங்கள். திரையைக் காட்டுங்கள். "இதை எடுத்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. இணையத்தில் என் பக்கத்தில் போடலாமா?" போதும். எங்கே போடப்போகிறோம் என்பதைச் சொல்வது முக்கியம். எடுக்கச் சம்மதித்தவர் வெளியிடவும் சம்மதித்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், தயக்கமும் 'வேண்டாம்'தான். படத்தை அவருக்கு அனுப்பித் தருவதாகச் சொன்னால் அன்றே அனுப்பிவிடுங்கள்.

குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள், விவரம் தெரிந்த வயதானால் குழந்தையிடமும் கேளுங்கள். மருத்துவமனை, தெருவோரத்தில் உறங்குபவர், துக்க வீடு இங்கெல்லாம் சம்மதம் கிடைத்தாலும் ஒரு நாள் தள்ளி மறுபடி யோசியுங்கள். முகத்தை வைத்தே ஆளைத் தேடிப் பிடிக்கும் சேவைகள் வந்துவிட்ட காலம் இது. 'யாருக்கும் தெரியாது' என்ற பழைய சமாதானம் இன்று செல்லாது.

கேட்க வழியே இல்லாத படங்கள்? கூட்டத்தில் ஒருவராக, இடத்தின் பகுதியாக இருந்தால் நான் பகிர்வேன். ஒருவரின் முகமே படம் என்றால், என் சேமிப்பிலேயே இருக்கட்டும்.

படி 5: கோப்பைத் தயார் செய்யுங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதியில் வேலை செய்யுங்கள். சேமிக்கும்போது வண்ண வெளி (கோப்பின் நிறங்களைத் திரை எப்படிப் படிக்க வேண்டும் என்ற அமைப்பு) எஸ்ஆர்ஜிபி (sRGB) ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் சில திரைகளில் தோல் நிறம் வெளிறித் தெரியும். நீளமான பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமிக்கும்போது கேட்கும் தரம் 80 முதல் 85 வரை என்றால் இணையத்துக்குத் தாராளம். தோல் நிறத்தை வெளுப்பாக்காதீர்கள், சுருக்கங்களை வழிக்காதீர்கள். வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், இருந்த மின்கம்பத்தை அழிப்பதும், இல்லாத பறவையைச் சேர்ப்பதும் அன்றாடத்தைக் காட்டும் படத்துக்கு ஒத்துவராது.

கோப்புக்குள் எக்சிஃப் (EXIF) என்ற, படம் எடுத்த விவரங்களைக் கொண்ட தகவல் பொதி இருக்கும். போனில் எடுத்ததென்றால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட அதில் இருக்கலாம். ஒருவர் வீட்டுக்குள் எடுத்த படத்தை மின்னஞ்சலில் அப்படியே அனுப்பினால் அவர் முகவரியையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். பகிரும் முன் இடத் தகவலை நீக்குங்கள். எடுத்தவர் பெயரை மட்டும் விட்டுவையுங்கள்.

இன்ஸ்டாகிராம் 2010-இல் தொடங்கியபோது சதுரப் படம் மட்டும்தான். 2015-இல்தான் மற்ற வடிவங்கள் வந்தன. இப்படித் தளங்கள் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்காகப் படத்தை வெட்டாதீர்கள். அகலப் படம் போனில் சின்னதாகத் தெரியும் என்றால் தெரியட்டும்.

பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பு மென்பொருள் படித்துக் காட்டும் மாற்று உரையை எழுதாமல் விடாதீர்கள். படி 1-இல் செய்த முதல் சுற்றை அப்படியே இரண்டு வரியில் எழுதினால் அதுதான் மாற்று உரை. படக் கோப்புக்குள்ளேயே அதைப் பதிந்துவைக்க 2021 முதல் தனிப் புலமும் உண்டு.

படி 6: படக்குறிப்பு எழுதுங்கள்

படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்வது ஒரு வகை வீண். படத்துக்குச் சம்பந்தமில்லாத தத்துவ வரியை ஒட்டுவது அதைவிடப் பெரிய வீண். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்துக்குக் கீழே 'காலம் ஒரு நதி' என்று எழுதினால், பாட்டி காணாமல் போய்விடுகிறார்.

படம் காட்ட முடியாததைக் குறிப்பு சொல்லட்டும்: எந்த ஆண்டு, எந்தப் பகுதி, அவர் என்ன செய்துகொண்டிருந்தார். "தையல் கடையின் கடைசி வாரம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், அதனால் தைத்து முடித்த துணிகளை உரியவர்களை அழைத்து அழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்." இப்படி இரண்டு வாக்கியம். இப்போது படத்தை மறுபடி பார்க்கத் தோன்றும். பெயரைப் போடுவதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள்.

இன்னும் ஒரு வழி, படத்தில் இருப்பவரையே பேசவிடுவது. ஒளிப்படக்காரர் ஜிம் கோல்ட்பர்க் 1977 முதல் 1985 வரை சான் பிரான்சிஸ்கோவில் பணக்காரர்களையும் ஏழைகளையும் அவரவர் இருப்பிடத்தில் எடுத்து, அந்தப் பிரிண்டின் ஓரத்திலேயே அவர்கள் கையெழுத்தில் எழுதச் சொன்னார். சிலர் படத்தை ஒப்புக்கொண்டார்கள், சிலர் மறுத்து எழுதினார்கள். ஒரு குரல் பதிவோ கையெழுத்து வரியோ சேர்த்துப் பாருங்கள். நாம் எழுதும் எந்தக் குறிப்பையும்விட அது கனமாக இருக்கும்.

படி 7: வரிசைப்படுத்துங்கள்

பத்துப் பன்னிரண்டு படங்களைத் தொகுப்பாகப் பகிர்வதென்றால், திரையில் அடுக்காதீர்கள். 4-க்கு 6 அங்குலத்தில் மலிவாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ராபர்ட் ஃபிராங்கும் சுமார் ஆயிரம் பிரிண்ட்களைச் சுவரிலும் தரையிலும் பரப்பித்தான் தேர்வுக்கு வந்தார். தரையில் வைத்தால் கை தானாகவே படங்களை நகர்த்தும்.

முகங்களையே தொடர்ந்து வைத்தால் கண் களைத்துவிடும். இரண்டு முகங்களுக்கு நடுவே ஆளில்லாத ஓர் இடம், அப்புறம் தூரத்திலிருந்து எடுத்தது, அப்புறம் ஒரு கை. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்குள் ஏதோ ஒரு தொடர்பு இருக்கட்டும்: ஒரே நீலம், ஒரே சாய்வு, ஒன்றில் மூடிய கதவு அடுத்ததில் திறந்த சன்னல். ஆனால் ரொம்பப் பொருத்தமாக இருந்தால் அது புதிர்விளையாட்டாகிவிடும். மிகச் சிறந்த படத்தை முதலில் வைத்தால் மற்றவை எல்லாம் இறங்குமுகமாகத் தெரியும். மூன்றாவது, நான்காவது இடம் அதற்கு நல்லது. கடைசியாக, உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தை எடுத்துவிட்டுத் தொகுப்பைப் பாருங்கள். குறையே தெரியவில்லை என்றால் அது வெளியே இருக்கட்டும்.

எங்கே பகிர்வது என்பது இதற்கெல்லாம் பிறகு வரும் சின்னக் கேள்வி. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவில் முதலில் காட்டுங்கள், பொதுவெளி அப்புறம்.

படி 8: கருத்துச் சொல்வதும் கேட்பதும்

"அருமை", "செம்ம", கைதட்டும் எமோஜி. இவை அன்பு, தப்பில்லை. ஆனால் படம் எடுத்தவருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பயன்படும் கருத்து இப்படி இருக்கும்: "முதலில் அந்தச் சிவப்பு வாளிதான் கண்ணில் பட்டது. அப்புறம்தான் பின்னால் நிற்பவரைப் பார்த்தேன். அவர் உங்களைப் பார்க்கிறாரா, உங்களுக்குப் பின்னால் யாரையாவதா?" கண் போன வழியைச் சொன்னாயிற்று, ஒரு கேள்வியும் கேட்டாயிற்று. வாளி முந்திக்கொள்கிறது என்பது எடுத்தவருக்குப் புரிந்துவிடும், திருத்தம் சொல்லவே வேண்டியதில்லை.

வலப்பக்கம் வெட்டியிருக்கலாம், கறுப்பு வெள்ளையாக்கியிருக்கலாம் என்று உடனே ஆரம்பிப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. கேட்டால் மட்டும் சொல்லுங்கள். படத்தில் இருப்பவரின் உடல், நிறம், உடை, வறுமை பற்றிய கருத்துகள் எந்தத் தொனியிலும் வேண்டாம். "பாவம்" என்பதும் அதில் சேர்த்திதான். அவரே அதைப் படிக்கக்கூடும்.

உங்கள் படத்தைக் காட்டும்போது "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "இவர் கோபமாக இருப்பதாகத் தெரிகிறதா?", "மூன்றாவது படம் இந்த வரிசையில் நிற்கிறதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். நேரில் கூடிப் பார்ப்பதென்றால், முதல் ஐந்து நிமிடம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். நாம் விளக்காமலேயே படம் எவ்வளவு தூரம் போகிறது என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கே விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கிறதோ, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: படமோ குறிப்போ அங்கேதான் பற்றாமல் இருக்கிறது.

படி 9: பகிர்ந்த பிறகு

யார் எப்போது சம்மதித்தார், எதற்குச் சம்மதித்தார், எங்கெல்லாம் போட்டிருக்கிறோம் என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருங்கள். ஒருநாள் யாராவது "அந்தப் படத்தை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்கலாம். வேலை மாறியிருக்கும், மணவாழ்க்கை முறிந்திருக்கும், அல்லது அந்த முகம் இப்போது பிடிக்காமல் போயிருக்கும். காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, குழுக்களில் போட்டிருந்தால் அங்கேயும் நீக்கி, வேறு யாராவது எடுத்துப் போட்டிருந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள். இணையத்திலிருந்து முழுதாக மறைந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். எங்கிருந்தெல்லாம் நீக்கினீர்கள் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.